தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

புதுச்சத்திரம் பக்கத்து மேட்டுத்தெருவில் சௌந்தரத்திடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள், "ரெடியாக்கா?" என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு முறை யோசிப்பார்கள். கேட்டால் போச்சு. "நான் என்னா பத்து கையோடயா பொறந்தேன்? உள்ள வா, வந்து நீயே தச்சிக்கினு போ" என்று மெஷினை நிறுத்தாமலே விரட்டுவாள். கேட்டவள் முகம் வாடித் திரும்பினால், "எங்கடி போற? அலமாரியில இருக்கு, எடுத்துக்கிட்டுப் போ" என்பாள். ஜாக்கெட் முந்தின நாளே தயாராகியிருக்கும். அப்படி ஒரு பொம்பிளை.

அவள் புருஷன் தட்சிணாமூர்த்தி குட்டியானை வண்டி ஓட்டுகிறார். பரங்கிப்பேட்டையிலிருந்து மீன் பெட்டி, சிதம்பரத்திலிருந்து சிமெண்ட் மூட்டை, யாராவது வீடு மாற்றினால் கட்டில் பீரோ, எது கிடைத்தாலும் ஏற்றுவார். வாய் திறந்து பேசுவது அபூர்வம். பேச வேண்டியதையெல்லாம் வீட்டில் ஒருத்தி பேசிவிடுகிறாளே, அப்புறம் அவருக்கு என்ன மிச்சம்?

இருவருக்கும் பிள்ளை இல்லை. சிதம்பரத்தில் பார்க்காத டாக்டர் இல்லை. ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போய் அரசமரத்தைச் சுற்றாத வருஷம் இல்லை. ஒரு கட்டத்தில் சௌந்தரமே, "போதும்யா, எனக்குக் காலு வலிக்குது" என்று சொல்லி நிறுத்திவிட்டாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை என்பது தட்சிணாமூர்த்திக்கு மட்டும்தான் தெரியும்.

அவர்கள் வீட்டுக்கு நேர் எதிரில், தெருவின் கிழக்கு வரிசையில் கனிமொழியின் வீடு. அவள் புருஷன் அருண்குமாருக்குச் சிங்கப்பூரில் வெல்டிங் வேலை. கனிமொழிக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. இரண்டாவது, பிறந்து கண் திறப்பதற்குள் போயிற்று. மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தபோது, கனிமொழியின் மாமியார் பட்டம்மாள் ஆஸ்பத்திரியிலேயே முடிவு செய்துவிட்டாள். இந்தப் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவது.

அந்தப் பக்கத்தில் அது பழைய வழக்கம்தான். பிறந்த பிள்ளை தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையை வேண்டாத பொருளைப் போலக் குப்பைமேட்டோரம் முறத்தில் கிடத்திவிடுவார்கள். வேறொருத்தி வந்து தவிட்டைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்வாள். இது அந்த வீட்டுப் பிள்ளையே இல்லை, தவிட்டுக்குப் போன பிள்ளை என்று எமன் ஏமாந்துவிடுவான் என்று நம்பிக்கை. வாங்கியவள் பிள்ளையைத் தன் வீட்டுக்குள் ஒரு முறை தூக்கிப் போய்விட்டு, வளர்க்கச் சொல்லிப் பெற்றவளிடமே திரும்பக் கொடுப்பாள். பிள்ளை வளர்ந்த பிறகு ஒரு நாள் பெற்றவள் அதேபோலத் தவிடு கொண்டுவந்து கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். ஆனால் வாங்கியவள் மனசார "எடுத்துக்கோ" என்று சொல்ல வேண்டும். மாட்டேன் என்றுவிட்டால் மாட்டேன்தான்.

வாங்குவதற்குப் பட்டம்மாள் தேர்ந்தெடுத்தது சௌந்தரத்தை. "இவ வாய்க்கு எமனே கிட்ட வரமாட்டான்" என்று தெருவெல்லாம் சிரித்தது. சௌந்தரமும் சிரித்துக்கொண்டேதான் மடி நிறையத் தவிட்டைக் கட்டிக்கொண்டு போனாள். முறத்திலிருந்து பிள்ளையைத் தூக்கினாள். அது கொட்டாவி விட்டது, அவ்வளவுதான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தன் வீட்டு வாசலில் கனிமொழி புடவைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் விடக்கூடாது என்று மாமியாரின் உத்தரவு.

எல்லாருக்கும் அது ஒரு சடங்கு. சௌந்தரத்துக்கு மட்டும் அது சடங்காகத் தெரியவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது. யாரைக் குற்றம் சொல்வது? பசித்தவள் கையில் சோற்றைக் கொடுத்துவிட்டு, சும்மா வைத்திருந்து திருப்பிக் கொடு என்றால் எப்படி?

பிள்ளைக்கு இலக்கியா என்று பேர் வைத்தார்கள். சௌந்தரம் "தவுடு" என்றுதான் கூப்பிட்டாள். கனிமொழிக்குக் கடலூரில் ஜவுளிக்கடையில் வேலை. காலை பஸ்ஸில் போனால் விளக்கு வைத்துத்தான் வருவாள். பட்டம்மாளும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தாள். ஆக, இலக்கியா நடந்தது, பேசியது, பல் விழுந்தது எல்லாம் தையல் மெஷினுக்குப் பக்கத்தில்தான். வழக்கப்படி சௌந்தரத்தை அம்மா என்று கூப்பிட்டாள். பெற்றவளை அக்கா என்றாள். தட்சிணாமூர்த்தி மட்டும் பெரியப்பா. கேட்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும், தெருவுக்குப் பழகிவிட்டது.

கனிமொழியோ பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்காதவள் மாதிரி இருந்தாள். "அந்தக் கழுத எங்க?" என்பாள். கொஞ்ச மாட்டாள், மடியில் போட்டுக்கொள்ள மாட்டாள். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி வந்தால் "ம்" என்பாள். இவளெல்லாம் ஒரு தாயா என்று சௌந்தரம் பல நாள் பல்லைக் கடித்திருக்கிறாள்.

பெண்ணுக்குக் கபடிப் பைத்தியம் பிடித்தது ஏழாவது படிக்கும்போது. தெருக்கோடியில் ஒரு திடல், நெல் அடிக்கிற களம். அறுப்பு முடிந்தால் பையன்கள் கோடு போட்டு ஆடுவார்கள். ஒரு நாள் ஆள் குறைகிறது என்று இவளைச் சேர்த்துக்கொண்டார்கள். பாடிப் போனவள், தடியன்கள் இருவரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு அவளை விட்டுவிட்டு ஆடப் பையன்களுக்கே மனசு வரவில்லை.

"பொட்டச்சிக்கு என்னாடி கபடி? கால ஒடச்சிக்கினு வந்தின்னா எவன் கட்டுவான்? அரை டிராயர் போட்டுக்கினு ஊர் பாக்க ஆடப் போறாளாம்!" என்று கனிமொழி கத்தினாள்.

"நீ யாருடி கேக்கறது? எம்புள்ள, நான் ஆட உடுவேன்" என்றாள் சௌந்தரம்.

கனிமொழி உள்ளே போய்விட்டாள். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் சௌந்தரம் அன்றைக்கே டிராயர் தைக்க உட்கார்ந்தாள். முழங்காலில் கட்டிக்கொள்ளப் பழைய வண்டி சீட்டுப் பஞ்சை உள்ளே வைத்துப் பட்டை தைத்தாள். பள்ளிக்கூட டீம் முழுக்க அவளிடம் வந்தது. பனியன் முதுகில் சிவப்புத் துணியில் நம்பர் வெட்டி ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். "கிழிச்சிக்கினு வந்தீங்க, தோலோட சேத்துத் தச்சிடுவேன்" என்று மிரட்டி அனுப்புவாள். பெண்கள் கிழித்துக்கொண்டுதான் வருவார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த தெருவில் ஒரு நாள் அளக்கிற ஆட்கள் வந்து இறங்கினார்கள். கிழக்கு வரிசைக்குப் பின்னால் ஓடும் மெயின்ரோடு நாலு வழிச்சாலை ஆகப்போகிறது, அந்த வரிசை வீடுகள் மொத்தமும் போகிறது என்றார்கள். சுவரில் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். நெல் அடித்த களத்தில் ஜல்லியைக் கொட்டினார்கள். கிழக்கு வரிசைக்காரர்கள் கொஞ்ச நாள் கூட்டம் போட்டார்கள், மனு கொடுத்தார்கள், பிறகு ஒவ்வொருவராக வீடு பார்க்கப் போனார்கள். மேற்கு வரிசைக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தார்கள். மனுஷ ஜாதி அப்படித்தானே.

கனிமொழி கடலூர் செம்மண்டலத்தில் வாடகைக்கு வீடு பிடித்தாள். கடைக்குப் பக்கம். சௌந்தரத்துக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. அவள் போகட்டுமே, பிள்ளை எங்கே போகப்போகிறது?

"ஸ்கூலு இங்க, டீமு இங்க. தவுடு எங்கூட இருந்துடட்டும்" என்றாள், தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் இருக்கும்போது. "என்னாடி சொல்ற தவுடு?"

"நான் அம்மாகூடதான் இருப்பேன்" என்றாள் இலக்கியா.

கனிமொழி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சௌந்தரம் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டாள். தட்சிணாமூர்த்தி துணி மூட்டைகள் கிடந்த பின்னறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்தார். ஜன்னலுக்குக் கொசுவலை போட்டார். மெடல் மாட்ட வரிசையாக ஆணி அடித்துக் கொடுத்தார். எந்த நேரமும் தலையைக் குனிந்துகொண்டு போகும் மனுஷன், ஆணி அடிக்கும்போது விசில் அடித்தார்.

அந்த மாசம்தான் கடலூர் ஸ்டேடியத்தில் மாவட்டப் போட்டி. டீமோடு சேர்ந்து சௌந்தரமும் வேனில் போனாள். பெண்களுக்கு ஊசி நூல், தண்ணீர், புளிசாதம் எல்லாம் அவள் பொறுப்பு.

ஃபைனலில் கடைசி நிமிஷம் வரை சமமாகவே போயிற்று. இலக்கியா பாடிப் போனாள். எதிர்ப்பக்கத்து மூன்று பெண்கள் சேர்ந்து அவளை அமுக்கினார்கள். ஒருத்தி இடுப்பைப் பிடித்தாள், ஒருத்தி கணுக்காலைப் பிடித்தாள். "தவுடு, கைய நீட்டுடி! கைய நீட்டு!" என்று சௌந்தரம் கத்திய கத்தலில் பக்கத்தில் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார். மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே விழுந்தாள் பெண். விரல் நுனி கோட்டைத் தொட்டது. ஜெயித்துவிட்டார்கள். சௌந்தரம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடவே ஆடினாள்.

பக்கத்து மாவட்டத்துக் கோச் ஒருவர் வந்தார். "பிரமாதமா ஆடறாங்க. அந்தப் பொண்ணோட அம்மா யாருங்க?"

"நான்தான் சார்!" என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். விட்டாளா? "கைக்கொழந்தயில வாங்கி வளத்தவ நான். டிராயரு தச்சி, சோறு போட்டு, கூடவே வந்து நிக்கறவ நான். பெத்தவ ஒருத்தி இருக்கா சார், பேருக்கு. ஒரு நாளு ஒரு பொழுது புள்ள ஆடறத எட்டிப் பாத்ததில்ல."

கோச் சிரித்துவிட்டு நகர்ந்தார். அவர் நகர்ந்த இடத்தில், தூணை ஒட்டி, கனிமொழி நின்றுகொண்டிருந்தாள். ஜவுளிக்கடையின் யூனிபார்ம் புடவை, மார்பில் பேர் எழுதிய அட்டை, கையில் குளுக்கோஸ் பாக்கெட். சொன்னதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

கனிமொழி குளுக்கோஸ் பாக்கெட்டைப் பெஞ்சில் வைத்தாள். "அவளுக்குக் குடுத்துடுக்கா. நான் குடுத்தேன்னு சொல்லாத" என்றாள். திரும்பி வெளியே போய்விட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்திருப்பாள் போல.

சௌந்தரம் பாக்கெட்டைக் கரைத்து இலக்கியாவுக்குக் கொடுத்தாள். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. சொல்லாதே என்றாளே, அதனால் சொல்லவில்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பரீட்சை முடிந்து மே மாசம் கனிமொழி வீட்டைக் காலி செய்தாள். சாமான் ஏற்றத் தட்சிணாமூர்த்தியின் வண்டிதான். கிழக்கு வரிசையில் பாதி வீடுகளுக்கு அதற்குள் கூரை இல்லை. கட்டில், பீரோ, கிரைண்டர், அண்டா எல்லாம் ஏறியது. இலக்கியாவின் பை மட்டும் சௌந்தரத்தின் பின்னறைக்கு வந்து ஆணியில் தொங்கியது. பெண் வாசல்படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஏற்றி முடிந்த பிறகு கனிமொழி தலைக்குக் குளித்து, புடவை மாற்றிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். கையில் முறம். முறத்தில் தவிடு.

சௌந்தரம் படியிறங்கி வந்தாள். "என்னாடி இது?" என்றாள்.

"எம்புள்ளையக் குடுத்துடுக்கா."

"நல்லா இருக்குடி நாயம்! வளத்து ஆளாக்கறது ஒருத்தி, முறத்தத் தூக்கினு வர்றது ஒருத்தியா? ஒரு நாளு அவளத் தொட்டுத் தூக்கியிருக்கியா நீ?"

"இல்லக்கா. தூக்கல." கனிமொழி முறத்தை இறக்கவில்லை. "அவளுக்கு டெங்கு வந்து கெடந்தப்ப நீ மடியில போட்டுக்கிட்ட. நான் அடுப்படியில நின்னுக்கினு இருந்தேன். எம்புள்ளன்னு தெரிஞ்சா எமன் எடுத்துக்குவானோன்னு பயம். வேணாங்கற மாதிரியே இரு, கொஞ்சாத, எம்புள்ளன்னு வாய் உட்டுச் சொல்லாத, அப்பதான் தங்கும்னு மாமியா சொன்னாங்க. ரெண்டத் தூக்கிப் பொதச்சவக்கா நான். அவுங்க சொன்னத அப்படியே புடிச்சிக்கிட்டேன். முட்டி ஒடஞ்சி வந்தா திட்டுனேன். மார்க்கு வாங்குனா மூஞ்சத் திருப்பிக்கிட்டேன். எல்லா மேட்சுக்கும் வந்திருக்கேன், கடையில பொய் சொல்லிட்டு. தூணு மறவுல நின்னு பாத்துட்டுப் போயிடுவேன்."

சௌந்தரம் முறத்திலிருந்த தவிட்டையே பார்த்தாள்.

"எமன ஏமாத்தணும்னுதான்க்கா இருந்தேன். இப்ப அவளும் ஏமாந்துட்டா. இந்த அக்காளுக்கு நம்ம மேல ஆச இல்லன்னு நெஜமாவே நெனச்சிட்டா. இனிமே தாங்காதுக்கா. ஆனா முறைன்னா முறைதான். நீ மாட்டேன்னு சொன்னா, இத எடுத்துக்கினு அப்படியே வண்டி ஏறிடுவேன். ஒரு வார்த்த பேசமாட்டேன்."

மாட்டேன் என்று சொல்லச் சௌந்தரத்துக்கு ஒரு நொடி போதும். நெஞ்சுக்குள் அது ஒன்றுதான் இருந்தது. ஆனால் கண் முன்னால் நிற்கிறவளின் முறத்திலிருந்து தவிடு கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திக்கொண்டிருந்தது. பதினைந்து வருஷம் பெற்ற பிள்ளையைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தவள். பாவி, இவளையா அன்றைக்கு ஊர் பேர் தெரியாத ஆளிடம் அப்படிச் சொன்னேன் என்று சௌந்தரம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மடியை விரித்தாள். கனிமொழி தவிட்டைக் கொட்டினாள்.

"எடுத்துக்கடி. உம்புள்ளைய நீயே எடுத்துக்க."

சொல்லும்போது அவள் கனிமொழியைத்தான் பார்த்தாள். படியில் நின்ற பெண்ணைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வராது என்று தெரியும்.

கனிமொழி ஓடிப்போய் இலக்கியாவைக் கட்டிக்கொண்டாள். "எம்புள்ள, எம்புள்ள, எஞ்செல்லம்" என்று தெருவே கேட்க அழுதாள். பக்கத்து வீட்டு இருசம்மாளும் மூக்கைச் சிந்தினாள். இலக்கியா கையைக்கூடத் தூக்காமல் நின்றாள். பிறகு மெதுவாக விலக்கிக்கொண்டு உள்ளே போய், பையை எடுத்துக்கொண்டு வந்தாள். சௌந்தரம் மடியில் தவிட்டோடு நின்றுகொண்டிருந்தாள். "தவுடு" என்று கூப்பிட்டாள். பெண் அவளைத் தாண்டிப் போய், வண்டியில் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கனிமொழி பின்னால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி போய்விட்டது.

தட்சிணாமூர்த்தி சாயங்காலம் திரும்பினார். கால் கழுவினார். துண்டால் துடைத்தார். துடைத்த காலையே மறுபடி துடைத்தார்.

"என்னா சொன்னா?" என்றாள் சௌந்தரம்.

"ஒண்ணும் சொல்லல."

"வழியில அழுதாளா?"

"இல்ல."

"யோவ், ஏதாவது சொல்லியிருப்பாய்யா. மறைக்காத."

அவர் துண்டைக் கொடியில் போட்டார். "ஆலப்பாக்கம் தாண்டுனதும் கேட்டா. 'பெரியப்பா, குப்பமேட்டுல கெடந்தப்ப எனக்கு வாய் இல்ல, வாங்குனீங்க. இன்னிக்கி பக்கத்துலதான நின்னேன். ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா? அக்கா கேக்கல, சரி. அம்மா ஏன் கேக்கல? மாட்டேன்னாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல'ன்னு கேட்டா."

"நீ என்னாய்யா சொன்ன?"

"நான் என்னாத்த சொல்றது? வண்டி ஓட்டுனேன்."

சௌந்தரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுப்ப வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாய் வரைக்கும் வந்துச்சிய்யா. பெத்தவ கையேந்தி நிக்கறாளேன்னு முழுங்கிட்டேன். அவளுக்கு நாயம் பண்ணிட்டேன்" என்றாள். "எம்புள்ளைக்குப் பண்ணாம உட்டுட்டேனே. அது படியில நின்னுக்கினு எம் மூஞ்சயே பாத்துச்சே. நான் திரும்பிப் பாக்கலியே!"

தட்சிணாமூர்த்தி அவளுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.